அல்ட்ராசவுண்ட் எடுத்த பிறகும் கண் கட்டிக்கு எம்.ஆர்.ஐ எதற்கு?

திருகோணமலையில் அப்பாவின் கண்ணுக்குள் கட்டி என்று சந்தேகம், அல்ட்ராசவுண்ட் முடிந்தது, இப்போது எம்.ஆர்.ஐயும் எடுக்கச் சொல்கிறார்கள், தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கண்மணியை விரித்துப் பார்ப்பதிலும் அல்ட்ராசவுண்டிலுமே விடை கிடைத்துவிடும். விழித்திரை பிரிந்தோ இரத்தம் கசிந்தோ கட்டி மறைந்திருந்தால், அல்லது அது கண்சுவரைத் தாண்டிவிட்டதா, பார்வை நரம்பில் ஏறிவிட்டதா என்று அறிய எம்.ஆர்.ஐ கைகொடுக்கும். பெரியவர்களுக்கு வரும் மெலனோமா என்ற, நிறமிச் செல்களில் உண்டாகும் புற்றுக்கட்டியில் ஒரு விசேஷம்: அதிலுள்ள மெலனின் நிறமியால் கட்டி பொதுவாக, எம்.ஆர்.ஐ எடுக்கும் படவகைகளில் டி1 என்ற படத்தில் வெளுப்பாகவும் டி2 படத்தில் கறுப்பாகவும் தெரியும். இரத்தக் கசிவும் சில நேரம் இப்படியே ஏமாற்றும். அதனால்தான் காடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். மருந்து ஏறியதும் கட்டி இன்னும் வெளுக்கும், உறைந்த இரத்தம் அப்படியே இருக்கும்.

அப்பா துறைமுகப் பக்கம் வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவர் என்றீர்களே, அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். எப்போதோ கண்ணுக்குள் தெறித்த இரும்புத் துகளை எம்.ஆர்.ஐ கருவியின் வலுவான காந்தம் அசைத்தால் பார்வையே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்புறம், உள்ளே படுத்திருக்கும்போது கண்ணை உருட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கண் அசைந்தால் படம் கலங்கிவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.