வயிற்றுக்குள் கோஸ் துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிறோம். 14 மாதங்களுக்கு முன் ஓர் அரச ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன் நடந்தது. வலி மாறவேயில்லை. வேறு ஆஸ்பத்திரியில் திரும்பத் திறந்து கோஸ் துணி எடுத்தார்கள். முதல் இடத்தில் ரிப்போர்ட் கேட்டால் தருகிறார்களில்லை. கிளினிக்குக்கு இன்னும் அங்கேதான் போகிறோம். வழக்கென்று போனால் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ?

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியை வெறுத்தால் அடுத்ததற்கு எவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாள் ஓடுகிறது. கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். துணியைக் கண்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள், முதல் ஒப்பரேஷன் நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. அதோடு, அரசுக்கு எதிரான வழக்கென்பதால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே 9 மாதம்தான் இருக்கிறது என்று வையுங்கள்.

அதற்குள் கடதாசிகளைச் சேருங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் பெட் ஹெட் டிக்கெட்டின் (வார்டில் எழுதும் நோயாளி பதிவேட்டின்) பிரதியையும் ஒப்பரேஷன் தியேட்டர் குறிப்புகளையும் கேளுங்கள். நோயாளியின் பதிவு என்பதால் கணவரே கையெழுத்து வைக்கட்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இது முறைப்பாடும் அல்ல, யாரோடும் சண்டையும் அல்ல. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

தியேட்டர் குறிப்பை ஏன் வற்புறுத்துகிறேன் தெரியுமா? நோயாளியை வெளியே கொண்டுபோக முன், கோஸ், ஊசி, கருவிகளின் எண்ணிக்கை சரியென்று தாதியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் கேட்கிறது. எண்ணினார்களா, எண்ணிக்கை ஒத்துவந்ததா? உங்கள் வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது.

தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, இறந்த ஒரு சிறுமியின் தந்தை போட்ட வழக்கில் 2001 இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது, கவனயீனத்தால்தான் மரணம் வந்தது என்று நிரூபிக்கப்படாததால். அதனால் துணி எடுத்த இரண்டாவது ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் குறிப்பும் கட்டாயம் வேண்டும், அங்கேயும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள்.

மருத்துவ சபைக்கும் முறையிடலாம், ஆனால் அது மருத்துவரின் நடத்தையை விசாரிக்கும், காசு வாங்கித் தராது.

வசதியில்லை என்று பின்வாங்காதீர்கள். பிரதிகள் கிடைத்ததும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். கிளினிக்கை மட்டும் ஒருநாளும் விடவேண்டாம்.