சுண்டாதீர்கள், விடுங்கள்

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்து கேரம் ஆடியவன். மூன்று மாதம் முன்பு டார்ட்ஸ் போர்டு வாங்கி மொட்டைமாடியில் மாட்டினேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எறிகிறேன். ஒரு நாள் 20-ஐச் சுற்றியே குத்துகிறது, மறுநாள் கன்னாபின்னாவென்று போகிறது. இன்னும் கனமான டார்ட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 22 கிராமோ 24 கிராமோ, கையில் இருப்பதே போதும். முதலில் டேப்பை எடுங்கள்.

போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 173 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் கோடு 237 செ.மீ. தள்ளி. இந்தத் தூரத்தைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள், போர்டின் முகப்பிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் மாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். எட்டடிக்குள் இரண்டு மூன்று செ.மீ. இறங்கிவிடும். நீங்கள் குறிவைக்கும் டிரிபிள் வளையத்தின் (எண்ணுக்கு மூன்று மடங்கு தரும் உள்வளையம்) அகலமோ வெறும் 8 மில்லிமீட்டர். ஆகவே உயரத்தை நீங்கள் நிற்கும் இடத்தின் தரைமட்டத்திலிருந்து கணக்கிடுங்கள். தெருவில் எங்காவது வீடு கட்டுகிறார்கள் என்றால் மேஸ்திரியிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) கேட்டு வாங்கலாம். நடுப்புள்ளியிலிருந்து கோடு வரை சாய்வாக அளந்தால் 293 செ.மீ. வந்தால் சரி.

அடுத்தது காற்று. ராயபுரத்தில் சாயங்காலம் கடற்காற்று எப்படி வீசும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. டார்ட்டின் வாலில் இருக்கும் இறகுகளில் அது பட்டால் குறி நகரத்தான் செய்யும். நேற்று நன்றாக விழுந்தது, இன்று விழவில்லை என்பதில் பாதி உங்கள் கையின் குற்றமே இல்லை. வீட்டு நடையில் பத்தடி நீளம் இருந்தால் போர்டை அங்கே மாற்றுங்கள். பக்கத்தில் கதவு மட்டும் இருக்கக் கூடாது. யாராவது சட்டென்று திறந்துகொண்டு வருவார்கள்.

இனி கை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் வடசென்னை இது, இங்கே விரல் நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் பிரச்சினையே அந்த விரலாக இருக்கலாம். கேரம் ஆடி வந்தவர்கள் டார்ட்டைக் கடைசி நொடியில் ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஸ்ட்ரைக்கருக்கு அது உயிர், டார்ட்டுக்கு விஷம். விரல்கள் ஒன்றாகத் திறந்து டார்ட் தானாகக் கழன்று போகவேண்டும். கை அதோடு நிற்காமல் குறியை நோக்கி முழுதாக நீளவேண்டும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஸ்லோ மோஷனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், சுண்டுவது பளிச்சென்று தெரியும். கேரமிலிருந்து கொண்டுவர வேண்டியது வேறு: நாற்காலியை நகர்த்தாமல் ஆடும் பழக்கம். மூன்று டார்ட்டும் போகும்வரை பாதம் அசையக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு எண்களை மறந்துவிடுங்கள். முதல் டார்ட் எங்கே குத்தியதோ அதுதான் அடுத்த இரண்டுக்கும் குறி. மேலும் கீழுமாகச் சிதறினால் விடும் நேரம் மாறுகிறது. இடமும் வலமுமாகச் சிதறினால் முழங்கையோ உடம்போ ஆடுகிறது. மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிய பிறகு எண்ணுக்கு வாருங்கள்.

அப்போதும் 20-ஐயே கட்டிக்கொண்டு அழவேண்டாம். அதற்கு இருபக்கமும் 5, 1. மூன்று டார்ட்டும் ஆளுக்கொன்றாக விழுந்தால் மொத்தம் 26. அதே சிதறலோடு கீழே 19-ஐக் குறிவைத்தால் 3, 19, 7 என்று 29. இடதுபக்கம் 14-க்குப் போனால் 9, 14, 11 என்று 34. தப்புகிறவனைத் தண்டிக்கவே 20-க்குப் பக்கத்தில் சின்ன எண்களை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கை கட்டுப்பட்ட பிறகு 20-க்குத் திரும்பலாம். டிரிபிள் 20-இல் மூன்றும் விழுந்தால் 180, அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது.

501-இலிருந்து கழித்துக்கொண்டே பூஜ்யத்துக்கு வருவதுதான் 501 ஆட்டம். அதைக் கடைசியில் டபுள் வளையத்தில்தான் (இரண்டு மடங்கு தரும் வெளிவளையம்) முடிக்கவேண்டும். முடிந்தால் 32 மிச்சம் வருகிற மாதிரி ஆடுங்கள். டபுள் 16 தவறி உள்ளே 16-இல் விழுந்தாலும் 16 மிச்சம், அதற்கு டபுள் 8 இருக்கிறது. அதுவும் தவறி உள்ளே விழுந்தால் டபுள் 4, பிறகு 2, பிறகு 1. டபுள் 20-இல் தொடங்கி இப்படியே தப்பிக்கொண்டு வந்தால் 40, 20, 10, பிறகு 5 என்று ஒற்றைப்படையில் மாட்டிக்கொள்வீர்கள்.

போர்டை ராத்திரி மாடியிலேயே விட்டிருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். போர்டில் அடைத்திருக்கும் நார் பனியிலும் மழையிலும் ஊதிவிடும். உப்புக்காற்றில் ஊசிமுனையும் துருப்பிடிக்கும், ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.