பணம் கட்டுவது, செலவழிப்பது பற்றிய ஆங்கிலத் தொடர்களுக்கு என்ன பொருள்?

ஃபுட் தி பில், ஷெல் அவுட், கோ டச், பே ஆஃப் என்று நான்கைச் சொல்லிப் பொருள் கேட்டிருக்கிறீர்கள். இன்டர்வியூவுக்குத் தயாராகிறீர்கள் போலிருக்கிறது. அந்த நான்கின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃபுட் தி பில் என்றால் செலவைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வது, பெரும்பாலும் அடுத்தவருக்கும் சேர்த்து. கணக்கைக் கூட்டி மொத்தத்தை பில்லின் அடியில், அதாவது ஃபுட்டில், போடுவதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். ஷெல் அவுட், மனசில்லாமல் பெரிய தொகை கொடுப்பது. பட்டாணியைத் தோலுரித்து எடுப்பதிலிருந்து வந்த பேச்சு. கோ டச், சாப்பிட்ட பில்லில் அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது. பே ஆஃப் மட்டும் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கடனை அடைத்து முடிப்பதும் அதுதான், பட்ட பாட்டுக்குப் பலன் கிடைப்பதும் அதுதான், வாயை அடைக்கப் பணம் கொடுப்பதும் அதுதான்.

இவற்றில் தப்பு செய்தால் மார்க் போகும், அவ்வளவுதான். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட். இத்தோடு கணக்கு முழுசாகத் தீர்ந்தது, பாக்கி எதுவும் இல்லை என்று அர்த்தம்.

2013இல் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பவர் டேபிள் யூனிட்டில், அதாவது கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் இடத்தில், கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு டீ சர்ட் தைத்துக் கொடுத்தோம். பில் 6,80,000 ரூபாய். தையலில் குறை என்று சொல்லி 4,50,000 மட்டும் பேங்கில் போட்டார்கள். கூடவே ஒரு மெயில்: இது ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட், கன்ஃபர்ம் செய்யவும். பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறார்கள் என நினைத்து, கன்ஃபர்ம்டு, நன்றி என்று பதில் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். படிப்பைச் சாக்காகச் சொல்லவில்லை. யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

தீபாவளி போனஸுக்கு ஓனர் மீதி 2,30,000-ஐத்தான் நம்பியிருந்தார். கேட்கப் போனபோது என் மெயிலையே பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். மச்சானிடம் கைமாத்து வாங்கித்தான் அந்த வருஷம் டைலர்களுக்கு போனஸ் போட்டார். என்னிடம், "உடு கண்ணு, அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

வக்கீல் வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். விசாரித்தோம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, கொடுக்க வேண்டியதில் குறைத்து வாங்கிக்கொண்டு கணக்கு தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ள இடம் தருகிறது. 5,000 ரூபாய் கடனுக்கு 2,000-ஐ முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் கடன் முடிந்தது என்று அந்தச் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கட்டாயப்படுத்தினார்கள், ஏமாற்றினார்கள் என்றால் வாதாடலாம். என் மெயிலிலோ நன்றி வேறு இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் எங்கள் ஓனர் வாயே திறக்கவில்லை. கொடுக்கிறவர் பல்லடத்துக்காரர், வாங்குகிறவர் அவிநாசிக்காரர். போனில் "என்னுங்க, எப்ப பணம் போடறீங்க" என்று தமிழில்தான் பேசுகிறார்கள். பணத்தைக் குறைக்கும்போது மட்டும் எதற்கு இங்கிலீஷ்? அந்த மெயில் தமிழில் வந்திருந்தால் நான் கன்ஃபர்ம் செய்திருப்பேனா?

நீங்களும் கணக்கு வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஆன் அக்கவுண்ட் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மொத்தத் தொகையில் ஒரு பகுதி வரவு, மீதி நிற்கிறது என்று அர்த்தம். பணம் குறைந்து வந்தால் அன்றைக்கே, முழுத் தீர்வாக ஏற்கவில்லை, ஆன் அக்கவுண்ட் வரவு வைத்திருக்கிறோம், பாக்கி இவ்வளவு என்று தொகையோடு பதில் போடுங்கள். தமிழிலேயே போடலாம்.