தவறிய இரண்டு நாள்கள் குறித்து

வணக்கம். தினமும் நிறைய எழுதுவேன் என்று உறுதி எடுத்து, மூன்றாம் வாரத்தில் இரண்டு நாள்கள் தவறியதும் எல்லாம் வீணாகிவிட்டதாக வருந்தியிருக்கிறீர்கள், எதுவும் வீணாகவில்லை. பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் லண்டனில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்குச் சிலருக்கு 18 நாள்களும் வேறு சிலருக்கு 254 நாள்கள் வரையும் தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறுவது அந்தப் பழக்கம் வேரூன்றுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பலர் சொல்லும் அந்தக் கெடுவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

என் பார்வையில் குறை வேறிடத்தில் இருக்கிறது: உங்கள் உறுதியில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. ‘இரவு உணவு முடிந்ததும் இதே மேசையில் அமர்ந்து ஒரு பத்தி எழுதுவேன்’ என்று, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு அதைப் பிணைத்துக்கொள்ளுங்கள். ஆர்வம் மிகுந்த நாளிலும்கூட அளவைக் கூட்ட வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அதைப் பற்றி யோசிக்கலாம்.