அமெரிக்காவில் மான் வேட்டைக்கு அரசே சீசன் வைத்து லைசென்ஸ் கொடுக்கிறதே, இப்படிச் செய்தால் மான் இனம் அழிந்துபோகாதா?

பென்சில்வேனியாவில் பத்து வருடமாக இருக்கிறேன். வேட்டைக்குப் போனதில்லை, துப்பாக்கியும் வைத்திருக்கவில்லை. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை விடியும் முன்னரே ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொண்டு ஆட்கள் வண்டி வண்டியாகக் காட்டுப் பக்கம் கிளம்புவதை முதல்முறை பார்த்தபோது எனக்கும் இதே கோபம் வந்தது.

அது மாறியது ஒரு வேலியைப் பார்த்த பிறகு. இங்கே காட்டுக்குள் சில இடங்களில் மான் தாண்ட முடியாத உயரத்துக்குக் கம்பி வேலி போட்டிருப்பார்கள். உள்ளே ஓக், மேப்பிள் கன்றுகள் என் தோள் உயரத்துக்கு நெருக்கமாக நின்றன. வெளியே, அதே மண்ணில், முழங்கால் அளவுக்குப் பெரணிச் செடி மட்டும்தான், ஏனென்றால் மான் அதைச் சீண்டாது. பெரிய மரங்கள் எல்லாம் இருந்தன, ஆனால் அவை விழுந்தால் அந்த இடத்துக்கு வர ஒரு கன்றுகூட இல்லை.

இங்கிருந்த ஓநாயையும் பூமா என்கிற பெரிய காட்டுப் பூனையையும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கொன்று தீர்த்துவிட்டார்கள். இறைச்சி வியாபாரத்துக்காகச் சுட்டுச் சுட்டு மானும் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அப்புறம் வெளி மாநிலங்களிலிருந்து மான் கொண்டுவந்து விட்டு, 1907-இல் பெண் மானைச் சுடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தடுக்க ஆளே இல்லாமல் மான் பெருகி, 1920-களில் குளிர்காலத்தில் தின்ன எதுவும் கிடைக்காமல் செத்து விழ ஆரம்பித்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தப் பெண் மானில்தான் இருக்கிறது. ஒரு ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும், அதனால் ஆண்களில் பாதியைச் சுட்டாலும் அடுத்த வருடம் பிறக்கும் குட்டிகள் பெரிதாகக் குறையாது. வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். ஆகவே மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதிக்குக் கொம்பில்லாத மானை, அதாவது பெரும்பாலும் பெண் மானை, சுட எத்தனை லைசென்ஸ் என்று ஒவ்வொரு வருடமும் தனியாக முடிவு செய்கிறார்கள். காடு கெட்டுப்போயிருக்கும் இடத்தில் கூட்டுவார்கள், மான் குறைந்த இடத்தில் குறைப்பார்கள். வயதான வேட்டைக்காரர்கள் பலருக்கு இது இன்னமும் பிடிக்காது, குட்டி போடுகிற மானைச் சுடுவது பாவம் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவரே சொல்வார்.

எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், அதையும் ஒருமுறை அவரோடு போய்ப் பார்த்தேன். வேட்டையாடிய மானை வெட்டிக் கொடுக்கும் கடையில், வேட்டைத் துறை ஊழியர் ஒருவர் கையில் டார்ச்சோடு ஒவ்வொரு மானின் வாயையும் திறந்து கடைவாய்ப் பற்களைப் பார்த்து வயதைச் சொல்ல, இன்னொருவர் காதில் கட்டியிருந்த சீட்டின் எண்ணோடு அதை எழுதிக்கொண்டார். சுட்டவர் பத்து நாளுக்குள் தானாகவும் தகவல் தர வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எத்தனை பேர் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

இதற்கான பணம் பொது வரியிலிருந்து வருவதில்லை. லைசென்ஸ் கட்டணம், வேட்டைத் துறையின் நிலத்திலிருந்து கிடைக்கும் வருமானம், பிறகு 1937-ஆம் வருட மத்தியச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11% வரி. இதனால் வேட்டைக்காரர்களின் குரல் தேவைக்கு மேல் எடுபடுகிறது என்பது என் எண்ணம். ஆனால் வேட்டையாடிய மானின் இறைச்சியை விற்கக் கூடாது என்ற தடை இருக்கிறதே, அதை மட்டும் எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது. காசு வந்துவிட்டால் சீசனும் கணக்கும் ஒரு நாள்கூடத் தாங்காது.

இதை வைத்து நம் ஊரிலும் 1972 வனவிலங்குச் சட்டத்தைத் தளர்த்தலாமே என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம். முதுமலையில் புள்ளிமானைப் பிடிக்கப் புலியும் சிறுத்தையும் செந்நாய்க் கூட்டமும் இருக்கின்றன. இங்கே கரடியும், ஓநாயைவிடச் சிறிய காட்டு நாயான கயோட்டியும் பெரும்பாலும் குட்டிகளைத்தான் பிடிக்கும், வளர்ந்த மானைத் துரத்திப் பிடிக்கும் ஓநாயும் பூமாவும் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.