சண்டையே இல்லாத ஊரில் கதை எப்படி நகரும்?

தம்பி, நீங்கள் எழுதுகிற கதையில் 2090-இல் நாகர்கோவில், வறுமை இல்லை, சண்டை இல்லை, தெருவில் குப்பை இல்லை, ஆனால் நாலாம் பக்கத்துக்கு மேல் கதை நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக ஒரு வில்லனை இறக்கிவிடாதீர்கள். அந்தக் குப்பையை அள்ளுவது யார் என்று யோசியுங்கள், போதும்.

குறையே இல்லாத ஒரு கற்பனை நாட்டைப் பற்றி இங்கிலாந்துக்காரர் தாமஸ் மோர் 1516-இல் எழுதிய 'உட்டோபியா'வில் தினம் ஆறு மணி நேரம்தான் வேலை. தங்கத்துக்கு மதிப்பே கிடையாது, மூத்திரச் சட்டி செய்யத்தான் ஆகும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? அதே தங்கத்தில்தான் அடிமைகளுக்கு விலங்கும் போடுகிறார்கள். ஆடு மாடு அறுக்கிற வேலையும் அடிமைகள் தலையில்தான். ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டாம் முறையும் சீட்டில்லாமல் பிடிபட்டால் அவனும் அடிமை. எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே இந்த இடம்தான்.

இதை நம்ம மாவட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு பெண். குளச்சலில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. தக்கலையில் மறித்துச் சீட்டு கேட்கிறார்கள். அதிகாரி சிரித்த முகத்தோடு உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, திருப்பி அனுப்பிவிடுகிறார். அவரைக் கெட்டவராகக் காட்டினால் கதை கெட்டுப்போகும்.

அப்புறம், வங்காள எழுத்தாளர் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' கிடைத்தால் வாசியுங்கள். 1905-இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில்தான் வெளியானது. பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தில் சமையல், ஆண்களெல்லாம் வீட்டுக்குள் அடைப்பு. சின்னக் கதைதான், ஒரே இருப்பில் முடித்துவிடலாம்.