செங்துவில் பிறந்த அந்நியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவில் ஆங்கிலம் கற்பித்து அங்கேயே வாழ்ந்து மறைந்த இசபெல் குரூக் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். சீனாவையே தம் ஊராக்கிக்கொண்ட வெளிநாட்டவர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் மருத்துவர் கோட்னிஸ் ஒருவர்தான். அவரைப் பற்றிய பழைய இந்திப் படத்தை இளம் வயதில் பார்த்த என் தந்தை, அவர் போர்முனையில் குண்டடிபட்டு இறந்ததாகக் கண் கலங்கச் சொல்வார். இசபெல் குரூக்கின் கதை எனக்கு வேறு விதமான கலக்கத்தைத் தருகிறது. கணவரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் வைத்த நாட்டில் 107 வயது வரை ஒருவர் எப்படி மனமுவந்து வாழ்ந்திருக்க முடியும்? அது பற்றா, பிடிவாதமா, வேறு போக்கிடம் இல்லாமையா? இவர்களில் பலர் 1959-61 பெரும்பஞ்சத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, இவர்களை மரியாதையோடு நினைவுகூர வேண்டும் என்று நீங்கள் எழுதியது சரிதானா?

கு.
திருச்சி

அன்புள்ள கு. அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். கோட்னிஸ் குண்டடிபட்டு இறக்கவில்லை. அடுத்தடுத்து வந்த வலிப்பினால் 1942 டிசம்பர் 9 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. ஜப்பானியப் படையெடுப்பில் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளிக்க இந்தியத் தேசிய காங்கிரசு 1938-இல் அனுப்பிவைத்த ஐந்து மருத்துவர்களில் அவர் ஒருவர். மற்ற நால்வரும் ஊர் திரும்பினர். சோலாப்பூர்க்காரரான அவர் மட்டும் திரும்பவில்லை. கனடா மருத்துவர் நார்மன் பெத்தூன் பெயரிலான பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் தலைவரானார். சீன மொழியைக் கற்றுக்கொண்டு அதிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்தார். கோட்னிஸ் இறந்தபோது நான்கு மாதம்கூட நிரம்பாத மகனுக்கு யின்ஹுவா என்று பெயர். யின் என்பது இந்தியா. ஹுவா என்பது சீனம்.

உங்கள் தந்தை சொன்ன கதையில் தவறிருப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோட்னிஸின் நினைவு இரண்டு நாடுகளிலும் ஏன் இவ்வளவு மாசில்லாமல் இருக்கிறது என்பதை யோசித்தால், உங்கள் கேள்விக்கான வழி திறக்கும் என்பதால் சொல்கிறேன். அவர் சீனாவில் வாழ்ந்தது நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அறுவை சிகிச்சையின்போது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து 1939 நவம்பரில் இறந்த பெத்தூன் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. புரட்சி வெல்வதற்கு முன்பே இறந்த இவர்களுக்கு, வென்ற புரட்சி என்ன செய்தது என்பதைப் பார்க்கவோ அதற்குப் பதில் சொல்லவோ நேரவில்லை. கோட்னிஸ் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால், 1962-இல் எல்லையில் போர் மூண்டபோது எந்தப் பக்கம் நின்று எதைச் சொல்லியிருப்பார்? அந்த ஆண்டில் இரு நாடுகளையும் தன் பெயரில் சுமந்த அவருடைய மகனுக்கு வயது இருபது. மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அந்த இளைஞரும் 1967-இல் இறந்துபோனார்.

இளமையில் இறந்தவரை நினைவுகூர்வது எளிது. நீங்கள் கேட்பது நீண்டு வாழ்ந்தவர்களைப் பற்றி. அதனால்தான் உங்கள் கேள்வி கடினமாக இருக்கிறது.

இசபெல் குரூக்கை 'வெளிநாட்டவர்' என்று நாம் எழுதுவதிலேயே எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கனடாவிலிருந்து வந்த கிறித்தவ மறைபரப்பாளர்களின் மகளாக அவர் பிறந்தது செங்து நகரில், 1915 டிசம்பரில். சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு. டொராண்டோவில் படித்துத் திரும்பியவர், 1940-இல் செச்சுவானின் பீஷான் வட்டாரத்திலுள்ள சிங்லோங் என்னும் சந்தையூரில் தங்கி, வீடு வீடாகச் சென்று, யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார், எந்தப் பெண் எங்கே மணம் முடித்துப் போனாள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். இலண்டனில் டேவிட் குரூக்கை மணந்த பிறகு, 1947-இல் இருவரும் வட சீனாவின் 'பத்து மைல் சத்திரம்' என்ற கிராமத்துக்குச் சென்று நிலச் சீர்திருத்தம் நடந்த விதத்தை உடனிருந்து எழுதினார்கள். பார்த்து எழுதிவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். புதிய அரசுக்கு வெளியுறவுப் பணியாளர்களை உருவாக்க ஒரு பள்ளி வேண்டும், ஆங்கிலம் கற்பிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், தங்கினார்கள். அந்தப் பள்ளிதான் பின்னாளில் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

தங்குவது என்று ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் இவர்களில் மிகச் சிலரே என்பது என் எண்ணம். இந்தப் பருவத்துப் பாடம் முடியட்டும், பிள்ளைகளின் படிப்பு ஒரு நிலைக்கு வரட்டும் என்று ஆண்டுகள் போயின. குரூக் தம்பதியரின் மூன்று மகன்களும் பெய்ஜிங்கில் வளர்ந்தவர்கள். திரும்பிப் போவதென்றால் எங்கே போவது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புரியாத கேள்வியாக இருந்திருக்கும்.

டேவிட் குரூக் குற்றமற்ற புனிதர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்ட அவர், அதன்பின் சோவியத் உளவுத்துறைக்காக ஜார்ஜ் ஆர்வெல் உள்ளிட்ட தோழர்களையே வேவு பார்த்தவர்; பிற்காலத்தில் அதை ஒப்புக்கொண்டு வருந்தியவர். அவரையே 1967-இல், 'புரட்சியின் எதிரிகளை' ஒழிக்கவென்று மாவோ தொடங்கிவைத்த கலாச்சாரப் புரட்சியின்போது, உளவாளி என்று சொல்லிப் பிடித்தார்கள். 1973 வரை, பெரும்பகுதி தனிமைச் சிறையில், அடைத்து வைத்தார்கள். இசபெல் கல்லூரி வளாகத்திலேயே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்தார். 1973 மார்ச் 8 அன்று, மகளிர் நாள் கூட்டத்தில், பிரதமர் சூ என்லாய் வெளிநாட்டு நிபுணர்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். இலட்சக்கணக்கான சீனர்கள் இதே வகையில் அடைபட்டு, அடிபட்டு, இறந்தும் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி நேரில் வந்து வருத்தம் சொல்ல யாரும் இல்லை. குரூக் தம்பதியர் வெளியேறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். உடன் வேலை பார்த்த சீன ஆசிரியர்களுக்கு நேர்ந்ததே தமக்கும் நேர்ந்தது. அவர்களுக்குப் போக்கிடம் இல்லாதபோது தமக்கு மட்டும் ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது என்பதற்காகக் கிளம்பிவிடுவது எளிதாக இருந்திருக்காது. 1989-இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராடிய மாணவர்களுக்கு ஆதரவாக நின்றதும், துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்ததும் இதே மனத்திலிருந்து வந்தவையே. ஆகவே பற்றா பிடிவாதமா என்று கேட்டால், இரண்டும் இருந்தன என்பேன். போக்கிடம் மட்டும் நிச்சயமாக இருந்தது.

எல்லோரும் தங்கவில்லை. அமெரிக்கரான சிட்னி ரிட்டன்பர்க் இரண்டு முறையாக மொத்தம் 16 ஆண்டுகள் சிறையிலிருந்தார். இரண்டுக்கும் நடுவே, கலாச்சாரப் புரட்சியின் தொடக்கத்தில், பிறரைத் தாக்கும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். 1980-இல் அமெரிக்கா திரும்பினார். செவ்விலக்கியங்களைக் கணவர் யாங் சியான்யியோடு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கிளாடிஸ் யாங் தங்கினார். அவரும் பெய்ஜிங்கில் பிறந்தவரே. 1968 முதல் நான்கு ஆண்டுகள் கணவனும் மனைவியும் தனித்தனிச் சிறைகளில் இருந்தார்கள். சீனரா ஆங்கிலேயரா என்று தெரியாமல் மனம் சிதைந்த அவர்களுடைய மகன் 1979-இல் இலண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரை மாற்றிக்கொண்டவர்கள் கொடுத்த விலையைப் பற்றிப் பேசும்போது, அதைத் தேர்ந்தெடுக்காத பிள்ளைகள் கொடுத்த விலையை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் 'நண்பர்'. சோவியத் நிபுணர்களுக்காக 1950-களில் பெய்ஜிங்கில் கட்டப்பட்டு, பின்னர் பிற நாட்டு நிபுணர்களும் குடியமர்த்தப்பட்ட இடத்துக்கு நட்பு விடுதி என்று பெயர். மற்ற இடங்களில் கிடைக்காத பொருள்கள் கிடைத்த கடைக்கு நட்பு அங்காடி என்று பெயர். சாதாரணச் சீனர் அதற்குள் நுழைய முடியாது. நட்பு என்ற சொல் அங்கே உபசரித்தது. கூடவே மதிலாகவும் நின்றது. வாக்கப்பட்டு வந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒரு பெண்ணைப் பிறந்த ஊரின் பெயரால் குறிப்பிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அதில் அன்பும் உண்டு, தள்ளிவைப்பும் உண்டு.

இந்த மதிலை எதிர்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜோன் ஹின்டன். லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். 1945 ஜூலையில் முதல் வெடிப்பைத் தொலைவிலிருந்து கண்ணால் பார்த்தவர். ஹிரோஷிமாவுக்குப் பிறகு அந்தத் துறையே வேண்டாம் என்று விட்டு, 1948-இல் சீனா வந்து, பால்பண்ணைத் தொழில் தெரிந்த சிட் எங்ஸ்டை கம்யூனிஸ்டுகளின் தளமாக இருந்த யெனானில் மணந்து, எஞ்சிய அறுபது ஆண்டுகளை மாடுகளோடும் கறவை எந்திரங்களோடும் கழித்தார். 1966 ஆகஸ்டில் இவர்கள் இருவரும் வேறு இரு அமெரிக்கர்களும் சேர்ந்து ஒரு பெரிய எழுத்துச் சுவரொட்டி ஒட்டினார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் கூடுதல் சம்பளம், ஏன் தனி வீடு, உடலுழைப்பிலிருந்தும் அரசியல் வகுப்புகளிலிருந்தும் எங்களை மட்டும் ஏன் விலக்கி வைக்கிறீர்கள் என்பது அதன் சாரம். மாவோவே அதை ஏற்றுக் குறிப்பெழுதினார். கலாச்சாரப் புரட்சியின் அந்த முதல் வெறியில் எழுந்த குரல் அது என்பதால் அதை இன்று முழு மனத்தோடு பாராட்ட எனக்குக் கை வரவில்லை. ஆனாலும், சலுகையைக் குறையுங்கள் என்று கேட்டு எழுதப்பட்ட மனுக்கள் உலகில் அதிகமில்லை. பின்னாளில் சந்தைப் பொருளாதாரம் வந்தபோது, மக்களுக்குச் செய்த துரோகம் அது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு ஹின்டன் 2010-இல் இறந்தார்.

குடியுரிமை பெற்றவர்களின் நிலை என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். லெபனான் வழிவந்த அமெரிக்க மருத்துவரான ஜார்ஜ் ஹாதெம், மா ஹைதே என்ற பெயரோடு, மக்கள் சீனத்தின் குடியுரிமை பெற்ற முதல் வெளிநாட்டவரானார். பால்வினை நோய்களையும் பின்னர் தொழுநோயையும் ஒழிக்கும் பணியில் 1988-இல் இறக்கும்வரை ஈடுபட்டார். இஸ்ரேல் எப்ஸ்டைன் இரண்டு வயதுக் குழந்தையாக வார்சாவிலிருந்து வந்து, தியன்ஜினில் வளர்ந்து, 1957-இல் குடிமகனாகி, 1964-இல் கட்சியிலும் சேர்ந்தார். 1968-இல் அவரையும் உள்ளே தள்ளினார்கள். காகிதம் அவரைக் காக்கவில்லை.

பஞ்சத்துக்கு வருகிறேன். 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறந்தபோது இந்த நண்பர்களில் பெரும்பாலோர் ஒன்றும் எழுதவில்லை. சிலர் எல்லாம் நலம் என்றே எழுதினார்கள். நியூசிலாந்துக்காரரான ரிவி ஆலி 1927-இல் ஷாங்காய் வந்து, தொழிற்சாலை ஆய்வாளராகச் சிறுவர்கள் எந்திரங்களில் சாவதைப் பார்த்து, போர்க்காலத்தில் கூட்டுறவுத் தொழிற்கூடங்களைக் கட்டி, கன்சு பாலைநிலத்தின் ஓரத்து ஷாண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி நடத்தியவர். நாடெங்கும் ஓயாது பயணம் செய்து நூல் நூலாக எழுதியவரும் அவரே. அந்த நூல்களில் பஞ்சம் பஞ்சமாக வரவில்லை. தெரியாது என்று அவர் விஷயத்தில் என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்தும் எழுதாததை, வெளியேற்றப்படும் அச்சம் என்றோ, எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்கலாகாது என்ற எண்ணம் என்றோ விளக்கலாம். மன்னிக்க அது போதாது. அதே சமயம், ஷாண்டன் பள்ளியில் தறி ஓட்டவும் எந்திரம் பழுதுபார்க்கவும் கற்று வெளிவந்த பிள்ளைகள் பொய்யாகிவிட மாட்டார்கள். அவரை நினைவுகூரும்போது இரண்டையும் ஒரே பத்தியில் எழுத வேண்டும் என்பதே நான் கேட்பது. மரியாதை என்று நான் சொன்னது இதைத்தான். மாலை போடுவதை அல்ல.

இன்று நிலைமை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சீனப் பெருநிலத்தில் வாழ்ந்த வெளிநாட்டவர் 8,45,697 பேர். 141 கோடி பேர் கொண்ட நாட்டில் இது மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்கும் படிப்புக்கும் குடும்பத்துக்குமாகத் தங்கியிருப்பவர்கள். அவர்களை எந்த அரசும் நண்பர் என்று அழைத்துக் கூட்டம் நடத்தப்போவதில்லை, அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

இசபெல் குரூக்கின் கடைசி ஆண்டுகளில் இரண்டு நிகழ்வுகள் உண்டு. 2019-இல், 103 வயதில், நாட்டின் உயரிய நட்புப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. செங்துவில் பிறந்து பெய்ஜிங்கில் முதிர்ந்தவர் அப்போதும் நண்பர்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 97 வயதில், சிங்லோங் சந்தையூரைப் பற்றி அவர் இளம் பெண்ணாக எடுத்த குறிப்புகள் நூலாக வெளிவந்தன. போரும் புரட்சியும் சிறையும் குறுக்கிட்டு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த குறிப்புகள் அவை. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் திரும்பவும் அந்த ஊருக்கே போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். ஒரு சிற்றூரில் 1940-இல் உப்பு என்ன விலை விற்றது, கூட்டுறவு ஏன் தோற்றது, மருமகள்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தக் குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்